உரிமம் என்னும் அமானிதம்

ஒரு மனிதர் தம் பொருளைப் பிறரிடம் ஒப்படைப்பதைக் காட்டிலும் தம் உடலையே ஒப்படைப்பது பெரிய காரியம். நள்ளிரவில், முன்பின் அறியாத ஒருவருடைய வண்டியில் ஏறி, பின்னிருக்கையில் அமர்ந்து, போகவேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணயர்கின்ற பயணி அதைத்தான் செய்கிறார். ஓட்டுநரும் அவ்வாறே, பெயர் தெரியாத ஒருவரைத் தம் முதுகுக்குப் பின்னால் அமர்த்திக்கொண்டு இருட்டில் வண்டியைச் செலுத்துகிறார். இந்த இருவருடைய நம்பிக்கைக்கும் நடுவே சாட்சியாக நிற்பது நகரம் கொடுத்த ஓர் அட்டை. அதற்கு உரிமம் என்று பெயர். நம்மவர் பேச்சில் லைசென்ஸ்.

அந்த உரிமம் யாருக்குச் சொந்தம்? இக்கேள்வி சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெருநகரங்களையெல்லாம் கலக்கிவருகிறது. கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் வாசலுக்கு வண்டி வந்து நிற்கும் காலம் பிறந்தது. பிறந்தவுடனே, பல ஆண்டுகளாகச் சோதனை கொடுத்து, உரிமம் பெற்று, வாடகை கட்டி ஓட்டிவந்த டாக்ஸிக்காரர், “விதிக்குக் கட்டுப்பட்ட எனக்கு நட்டம், கட்டுப்படாதவருக்கு இலாபம், இது என்ன நியாயம்?” என்று கேட்டார். பயணியோ, “கொட்டும் மழையில் நான் ஒரு மணி நேரம் நின்றபோது உம்முடைய உரிமம் எங்கே போயிருந்தது?” என்று திருப்பிக் கேட்டார். இரண்டு கேள்வியிலும் உண்மை இருக்கிறது. ஆதலின் இஃது அதிகாரிகளும் கம்பெனிகளும் மட்டும் பேசித் தீர்க்கும் விவகாரமன்று. நாள்தோறும் வண்டியேறுகின்ற நாம் ஒவ்வொருவரும் சிந்திக்கவேண்டிய அறப்பிரச்சினையாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எந்தத் தொழிலும் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று யாருக்கும் யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. சிங்கப்பூர் ஆற்றிலே சரக்குப் படகு செலுத்தும் தொழில் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் சூலியா முன்னோர் கையில் இருந்தது. கப்பல் சரக்கைக் கரை சேர்த்தவர்கள் அவர்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. கடைசியில், ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தின்கீழ், 1983ஆம் ஆண்டில் எஞ்சிய படகுகளும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. இன்று அந்த ஆற்றில் உல்லாசப் படகுகள் ஓடுகின்றன.

தெருவிலும் இதே கதைதான். 1880ஆம் ஆண்டில் இவ்வூருக்கு ரிக்ஷா வந்தது. மனிதனை மனிதன் இழுத்த அந்த வண்டிக்கும் பதிவு உண்டு, சோதனை உண்டு. நீல் ரோட்டின் முனையில் இன்றும் நிற்கின்ற ஜின்ரிக்ஷா நிலையக் கட்டடம் அதற்குச் சாட்சி. இழுத்தவர் பெரும்பாலும் வண்டிக்குச் சொந்தக்காரர் அல்லர். முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுத்து, வாடகை போக மிஞ்சியதைக் கொண்டு வயிறு கழுவியவர். 1947ஆம் ஆண்டில் ரிக்ஷா தடை செய்யப்பட்டது. அது சரியான தடைதான் என்பதில் இரண்டு கருத்து இருக்க நியாயமில்லை. ஆகவே பழைய தொழில் மறைவதே அநீதி என்று நாம் வாதிடவில்லை. அது எவ்வாறு மறைகிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

இனி, வாடகை வண்டிக்கு உரிமம் எதற்கு என்று பார்ப்போம். காய்கறி விற்பவரிடம் விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது, இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நிற்கும் தாய் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க முடியாது. அவசரம் அவரைப் பலவீனராக்கிவிடுகிறது. அந்தப் பலவீனத்தை விலையாக மாற்றிக்கொள்ளக்கூடாது என்பதற்காக மீட்டர் வந்தது. வண்டி பழுதில்லாதது, ஓட்டுபவர் நாணயமானவர் என்று அறிந்துகொள்ளப் பயணிக்கு நேரமில்லை என்பதற்காகச் சோதனை வந்தது. தெரு எல்லோருக்கும் பொது, அதை வண்டிகளால் அடைத்துவிடக்கூடாது என்பதற்காக எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது. பாதுகாப்பு, நியாய விலை, பொதுத்தெரு என்ற இம்மூன்றுமே உரிமத்தின் உயிர். இவற்றைக் காக்கின்ற வரையில் அதற்கு மதிப்பு உண்டு. காக்கத் தவறினால் அது வெறும் அட்டைதான்.

ஆகவே உரிமம் என்பது ஒருவருக்கு நகரம் அளிக்கும் அமானிதம் என்று கூறுதல் பொருந்தும். அமானிதப் பொருளை வைத்திருப்பவர் அதனைத் தம் சொத்தாக எண்ணிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நியூயார்க் நகரம் ஓர் எச்சரிக்கை.

1937ஆம் ஆண்டில் அந்நகரம் ஹாஸ் சட்டம் என்றொரு சட்டம் கொண்டுவந்து டாக்ஸிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. அன்று உரிமத்துக்குக் கட்டணம் பத்து டாலர். உரிமத்தை விற்கலாம், வாங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வண்டிமீது பதிக்கும் அந்தச் சின்னத்தகடு நாளாவட்டத்தில் நிலபுலன்போல் விலை ஏறியது. 2014ஆம் ஆண்டளவில் ஒரு தகட்டின் விலை பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது. நகராட்சியே ஏலம் போட்டு விற்று இலாபம் கண்டது. பிழைக்க வந்த குடியேறிகள், பலர் நம் தெற்காசிய நாடுகளிலிருந்து போனவர்கள், தலைக்குமேல் கடன் வாங்கி அந்தத் தகட்டை வாங்கினார்கள்.

பின்னர் ஊபர் போன்ற கம்பெனிகளின் வண்டிகள் வரம்பின்றி அதே தெருவில் இறங்கின. தகட்டின் விலை சரிந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018ஆம் ஆண்டில் ஓட்டுநர் சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் நகரம் விழித்துக்கொண்டு, புதிய வாடகைக் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 2021ஆம் ஆண்டில் ஓட்டுநர்கள் நகர மண்டபத்தின் வாயிலில் உண்ணாநோன்பு இருந்த பிறகே, கடனை 1,70,000 டாலருக்கு மேற்படாமல் குறைத்து அதற்கு நகரம் பொறுப்பேற்கும் ஏற்பாடு உண்டாயிற்று.

இதில் குற்றம் யாருடையது? ஓட்டுநருடையது என்று சொல்ல மனம் வருமா? அமானிதத்தைச் சரக்காக்கி ஏலம் விட்டது நகரம். அதன் விலை தரைமட்டமாக விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றதும் அதே நகரம்தான். மலேசியாவிலும் நெடுங்காலம் உரிமம் ஒருவர் கையிலும் ஓட்டுநர் வேலை வேறொருவர் கையிலுமாக இருந்தது. உரிமம் கம்பெனியுடையது, ஓட்டுபவர் அதற்கு நாள்தோறும் குத்தகை கட்டுபவர் என்ற அந்த முறையைப் பற்றிக் கோலாலம்பூர் டாக்ஸிக்காரர்கள் பல்லாண்டுகளாகக் குறைகூறி வந்தனர். உரிமத்தின் பாரம் உழைப்பவர்மீதும் அதன் பலன் உழையாதவர்மீதும் போய்ச் சேர்ந்தால், அந்த உரிமம் தன் அறத்தை இழந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

சிங்கப்பூரின் பழைய வரலாற்றில் இதற்கு நேர்மாறான பாடமொன்று இருக்கிறது. 1950, 1960ஆம் ஆண்டுகளில் இவ்வூரில் திருட்டு டாக்ஸிகள் ஏராளமாக ஓடின. பெயர்தான் திருட்டு டாக்ஸி; ஓட்டியவர்கள் பெரும்பாலும் வேறு வேலை கிடைக்காத ஏழைகள். பஸ் வசதி குறைந்த இடங்களில் அவர்களை நம்பியே மக்கள் வேலைக்குப் போனார்கள். ஆயினும் உரிமமும் இல்லை, விபத்து நேர்ந்தால் பயணிக்குப் பாதுகாப்பும் இல்லை. உரிமம் பெற்ற டாக்ஸிக்காரரும் பஸ் தொழிலாளரும் வருமானம் இழந்தனர். 1970ஆம் ஆண்டில் அரசாங்கம் இதை ஒழிப்பதெனத் துணிந்தது.

ஒழித்த விதத்தைத்தான் நாம் கவனிக்கவேண்டும். அதே 1970ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ‘கம்ஃபர்ட்’ என்னும் கூட்டுறவை அமைத்தது. திருட்டு டாக்ஸி ஓட்டியவர்களும் அதில் சேர்ந்து, தவணை முறையில் பணம் கட்டி, முறையான டாக்ஸிக்குச் சொந்தக்காரர் ஆக வழி பிறந்தது. ஒரு கதவை அடைத்த கை இன்னொரு கதவைத் திறந்து வைத்தது. எல்லோருக்கும் இடம் கிடைத்திருக்காது. எல்லோருக்கும் மனம் நிறைந்திருக்காது. எனினும், தடை விதிப்பவர் தடைப்பட்டவருடைய வயிற்றையும் நினைக்கவேண்டும் என்ற நெறி அந்த ஏற்பாட்டில் இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கூட்டுறவு 1993ஆம் ஆண்டில் கம்பெனியாக மாறியது. ஓட்டுநர் பலர் மறுபடியும் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரானது தனிக் கதை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2012ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் ஒரு செயலி பிறந்தது. அதுவே பின்னர் கிராப் ஆனது. 2013ஆம் ஆண்டில் ஊபர் சிங்கப்பூருக்கு வந்தது. மக்கள் அவற்றைக் கைநீட்டி வரவேற்றார்கள் என்றால் அதற்குக் காரணம் இல்லாமலில்லை. நள்ளிரவுக் கூடுதல் கட்டணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் டாக்ஸிகள் கண்ணில் படாமல் மறைந்துவிடும் அதிசயத்தை இவ்வூரார் அனைவரும் அறிவர். மழை வந்தால் வண்டி இல்லை. தொலைவான இடமென்றால் கையசைத்து மறுப்பார்கள். செயலி வந்தபின், வண்டி எங்கே வருகிறது, கட்டணம் எவ்வளவு, ஓட்டுபவர் யார் என்பதெல்லாம் ஏறுமுன்னே தெரிந்தன. முதியவர்களுக்கும், இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்கும் இது பேருதவி. இதை மறுத்துப் பேசுவது நன்றியில்லாத பேச்சு.

டாக்ஸிக்காரரின் பக்கத்தையும் கேட்கவேண்டுமன்றோ? 2013ஆம் ஆண்டு முதல், டாக்ஸிகள் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டராவது ஓடவேண்டும், நெரிசல் நேரத்தில் தெருவில் இருக்கவேண்டும் என்று கம்பெனிகளுக்கு அரசாங்கம் விதி வகுத்திருந்தது. அந்த விதியின் கனம் ஓட்டுநர் தோளில் இறங்கியது. டாக்ஸி ஓட்ட 60 மணி நேரப் பயிற்சி; செயலிவழி ஓட்டுபவருக்குத் தொடக்கத்தில் தனி உரிமமே தேவையில்லை. வேலை ஒன்று, பயணி ஒருவர், தெரு ஒன்று. கடமை மட்டும் இரண்டு விதம். ஒரே பந்தியில் அமர்ந்த இருவரில் ஒருவரை மட்டும் இலை எடுக்கச் சொன்னதுபோல இருந்தது. 2014ஆம் ஆண்டில் 28,000க்கு மேற்பட்டிருந்த டாக்ஸிகளின் எண்ணிக்கை, பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததில் வியப்பென்ன?

சிங்கப்பூர் அரசாங்கம் புதியதைத் தடுக்கவுமில்லை, கட்டவிழ்த்து விடவுமில்லை. படிப்படியாகக் கடமையைச் சமன்செய்ய முயன்றது. 2015ஆம் ஆண்டில் டாக்ஸி முன்பதிவுச் செயலிகளுக்குச் சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டில் தனியார் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் தொழில் உரிமம் கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் டாக்ஸிக்காரரின் பயிற்சி 60 மணி நேரத்திலிருந்து 25 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. நாள்தோறும் ஓடவேண்டிய 250 கிலோமீட்டர் விதியும் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் நிறைவேறி 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டம், 800 வண்டிகளும் அதற்கு மேலும் உள்ள எந்தக் கம்பெனியும் உரிமம் பெற்றாகவேண்டும் என்றது. தெருவில் கைகாட்டினால் நிற்கும் உரிமை டாக்ஸிக்கு மட்டும் என்று விடப்பட்டது. மலேசியாவும் 2017ஆம் ஆண்டில் சட்டம் திருத்தி, 2019ஆம் ஆண்டில் செயலிவழி ஓட்டுநர்களுக்கும் பொதுச்சேவை வாகன உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

இதில் ஒரு நல்ல நெறியைக் காண்கிறோம். இருவருடைய பாரமும் ஏற்றத்தாழ்வாக இருந்தால், இலேசாக இருப்பவர்மீது ஏற்றுவது ஒரு வழி. கனமாக இருப்பவரிடமிருந்து இறக்குவது இன்னொரு வழி. எந்தப் பாரம் பயணியைக் காக்கிறது, எந்தப் பாரம் பழக்கத்தால் மட்டும் நிற்கிறது என்று தேர்ந்து, முன்னதை இருவருக்கும் பொதுவாக்கி, பின்னதை நீக்குவதே அறிவுடைமை. ஒத்த அமானிதத்துக்கு ஒத்த கடமை என்பது நீதியின் முதற்படி.

ஆனால் முதற்படியோடு நின்றுவிடலாகாது. ஓட்டுநருக்கும் ஓட்டுநருக்கும் இடையே சமன்செய்துவிட்டால் போதுமா? அவ்விருவருக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார்?

ஒரு துறையில் இரண்டு ஓடக்காரர் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் ஒருவர் வருகிறார். பெரும்பணம் உள்ளவர். “என் ஓடத்தில் பாதிக் காசு, முதல் வாரம் இலவசம்” என்கிறார். ஊரார் மகிழ்ந்து அவர் ஓடத்தில் ஏறுகிறார்கள். பழைய ஓடக்காரர் இருவரும் துடுப்பை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவர், போகுமுன் அவரிடமே கூலிக்குச் சேர்கிறார். அதன்பிறகு அந்தத் துறையில் கட்டணத்தை யார் தீர்மானிப்பார்? மலிவாகக் கிடைத்த அந்த முதல் வாரம் உண்மையில் ஊராருக்குக் கிடைத்த நன்கொடையா, அல்லது பின்னால் வட்டியுடன் வசூலிக்கப்படும் கடனா?

இது கற்பனை என்று தள்ளவேண்டாம். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்புக்குக் கொடுத்துவிட்டு, அக்கம்பெனியில் 27.5 விழுக்காடு பங்கைப் பெற்றுக்கொண்டு வெளியேறியது. சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் இதை விசாரித்தது. இணைப்புக்குப் பின்னர், சலுகைகள் போக மக்கள் உண்மையில் செலுத்திய கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்தது என்று கண்டது. இரு கம்பெனிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. 2023ஆம் ஆண்டில் கிராப், டிரான்ஸ்கேப் என்ற டாக்ஸி கம்பெனியை வாங்க முன்வந்தது. அது போட்டியைக் குறைக்கும் என்று ஆணையம் தன் முதற்கட்ட முடிவைத் தெரிவித்ததும், 2024ஆம் ஆண்டில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நகரம் விழிப்பாயிருக்கவேண்டிய இடம் இதுவே.

முற்காலத்தில் கட்டணத்தை நிர்ணயித்தது மீட்டர். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று தீர்மானித்தது உரிமம் கொடுக்கும் அலுவலகம். முறையீடு இருந்தால் போய்ச் சொல்ல ஒரு மேசையும், மேசைக்குப் பின்னால் ஒரு முகமும் இருந்தன. இன்று அந்த இரண்டு அதிகாரங்களிலும் பெரும்பகுதி செயலிக்குள் புகுந்துகொண்டது. மழை பெய்தால் கட்டணம் ஏறுகிறது. ஏற்றியவர் யார் என்று தெரியவில்லை. ஓட்டுநரின் கணக்கு முடக்கப்பட்டால் அவர் பிழைப்பு அன்றே நின்றுபோகிறது. முடக்கியவர் முகம் தெரியவில்லை. அதிகாரம் இடம் மாறிவிட்டது. கடமையும் அதன் பின்னாலேயே போய்ச் சேரவேண்டும். கட்டணத்தைத் தீர்மானிப்பவர் அதன் நியாயத்துக்குப் பதில் சொல்லவேண்டும். வேலையைக் கொடுக்கவும் பறிக்கவும் வல்லவர், பறிக்குமுன் காரணம் சொல்லவும், பறித்தபின் முறையீட்டைக் கேட்கவும் கடமைப்பட்டவர்.

இக்கம்பெனிகள் ஓட்டுநரைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, கூட்டாளி என்கின்றன. நம் ஊர்களில் பங்காளி என்றால், பாட்டன் தேடிய நிலத்தில் பங்குள்ளவன் என்று பொருள். பங்கு கேட்டு வழக்குக்கும் போவான். இந்தக் கூட்டாளிக்கு இலாபத்தில் பங்கில்லை, கட்டணம் நிர்ணயிப்பதில் சொல்லில்லை. வண்டி வாடகையும் பெட்ரோல் செலவும் விபத்தும் நோயும் மட்டும் அவருடையவை. பங்கில்லாத பங்காளியை எந்த உறவில் சேர்ப்பது?

உலக நீதிமன்றங்களும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டன. 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், தன்முன் வந்த ஊபர் ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியமும் சம்பள விடுப்பும் பெறத்தக்க தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் 2024ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்புக்குக் கொண்டுவந்தது. அதன்படி, செயலிவழி உழைப்பவர் முழுத் தொழிலாளியும் அல்லர், முழுச் சுயதொழில் செய்பவரும் அல்லர். இரண்டுக்கும் நடுவே ஒரு தனி வகுப்பினர். வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. மத்திய சேமநிதியில் கம்பெனியும் பணம் போடவேண்டும். 1995 ஜனவரி முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்க்கு இது கட்டாயம், மூத்தவர்க்கு விருப்பம். தம் சார்பில் பேச அமைப்பு வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. மலேசியாவிலும் 2025ஆம் ஆண்டில் இத்தகைய தொழிலாளருக்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இதற்கு மறுப்புக் கூறுவோரின் வாதத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. “எனக்கு வேண்டியபோது ஓட்டுவேன், வேண்டாதபோது நிறுத்துவேன், எனக்கு எசமான் வேண்டாம்” என்று சொல்லும் ஓட்டுநர் பலர் உண்டு. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்பவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓட்டுபவருக்கும் அந்தச் சுதந்திரம் உண்மையான செல்வம். அதைப் பறித்துவிட்டு நாம் அவருக்கு நன்மை செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எனினும், நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்துக்கு விலையாக, கால் முறிந்தால் கைவிடப்படும் நிலையை ஏற்றுக்கொள் என்று ஒருவரிடம் சொல்வது நியாயமாகுமா? இரண்டும் ஒருங்கே இருக்க முடியும் என்பதைத்தான் இந்த நடுவழிச் சட்டம் சோதித்துப் பார்க்கிறது.

அடுத்த மறுப்பு, “கட்டணம் ஏறுமே!” என்பது. ஏறும். சேமநிதிக்கும் இழப்பீட்டுக்கும் பணம் எங்கிருந்தோ வந்துதான் ஆகவேண்டும். அதில் ஒரு பகுதி நம் சட்டைப்பையிலிருந்து போகும். இதுகாறும் நாம் மிச்சம் பிடித்த அந்தச் சில காசுகள் யாருடைய காசு என்று கேட்டுப் பார்த்தால் முணுமுணுப்பு அடங்கிவிடும். ஓட்டுநருடைய முதுமைக்குச் சேரவேண்டியதை நாம் சலுகை என்ற பெயரில் அனுபவித்துவந்தோம் என்றால், அந்தச் சலுகையில் பரக்கத் ஏது? ஆயினும் ஏழைப் பயணியும் உண்டு. மருத்துவமனைக்கு வண்டியின்றிப் போக இயலாத முதியவரும் உண்டு. அவர்களுக்கு உதவவேண்டியது பொதுக் கருவூலம். ஓர் ஏழையின் பயணச் செலவை இன்னொரு ஏழையின் கூலியிலிருந்து எடுப்பது உதவியாகாது.

இனி நம் பக்கத்துக்கும் வருவோம். செயலி நம் கையில் ஒரு சிறிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பயணம் முடிந்ததும் ஓட்டுநருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறது. வழி தவறியதற்கா, சாலை நெரிசலுக்கா, அல்லது நம் வீட்டுச் சச்சரவினால் வந்த எரிச்சலுக்கா என்று யோசியாமல் நாம் விரலால் ஒன்றைத் தட்டிவிட்டு இறங்கிப் போகிறோம். எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை நாம் மதிப்போமா? ஒருவருடைய ரிஸ்க் நம் விரல்நுனியில் தொங்கும்போது, அந்த விரலுக்கும் பொறுப்பு உண்டு. உரிமம் ஓட்டுநருக்கு அமானிதம் என்றால், தீர்ப்பு நமக்கு அமானிதம்.

இவையெல்லாம் முடிந்துபோன வழக்கென்று எண்ணி இருந்துவிடலாகாது. 2025ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் பொங்கோலில் ஓட்டுநர் இல்லாத தானியங்கி வண்டிகளைச் சேவையில் இறக்கும் திட்டத்தை அறிவித்தது. பத்தாண்டுக்கு முன் டாக்ஸிக்காரர் நின்ற இடத்தில் நாளைக்குச் செயலிவழி ஓட்டுநர் நிற்கப்போகிறார். “காலம் மாறிவிட்டது, நீரும் மாறிக்கொள்ளும்” என்று அன்று டாக்ஸிக்காரரைப் பார்த்துச் சொன்ன அதே வாசகம் அவரை நோக்கித் திரும்பும். பிறகு நம் வீட்டு எழுத்தரை நோக்கியும், கடைச் சிப்பந்தியை நோக்கியும், கணக்கரை நோக்கியும் திரும்பாது என்பதற்கு என்ன உறுதி? ஆகவே டாக்ஸிக்காரருக்கு நாம் இன்று கேட்கும் நியாயம், நாளைக்கு நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் நியாயம்.

அந்த நியாயத்தை மூன்று அளவுகோல்களில் அடக்கிவிடலாம். ஒத்த அமானிதத்தை ஏற்றவர்களுக்கு ஒத்த கடமை இருக்கவேண்டும். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ பொறுப்பும் அவர் தோளில் இருக்கவேண்டும். ஒரு வழியை அடைக்கும்போது, அதில் நடந்து வந்தவர்களுக்குக் காலக்கெடுவும் மாற்று வழியும் கொடுக்கவேண்டும். முதலாவதைச் சிங்கப்பூர் 2017 முதல் செய்துவந்திருக்கிறது. இரண்டாவதில் 2025ஆம் ஆண்டில்தான் முழு அடி எடுத்துவைத்திருக்கிறது. மூன்றாவதற்கு 1970ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. தானியங்கி வண்டி தெருவை நிறைக்குமுன் அந்தப் பழைய வழிகாட்டலை எடுத்துப் பார்க்கவேண்டும். ஓட்டுநர்களுக்கு எந்த வேலை, எந்தப் பயிற்சி, எந்தப் பங்கு என்பதை வண்டி வருமுன்னே பேசி முடிக்கவேண்டும். வந்தபின் பேசுவது ஆறுதல் வார்த்தையாகத்தான் முடியும்.

அன்பர்களே, அரசாங்கம் கருத்துக் கேட்கும்போது கருத்துச் சொல்லுங்கள். தொழிற்சங்கம் கூப்பிடும்போது ஓட்டுநராயிருக்கும் உங்கள் சகோதரரைப் போகச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும்போது சலாமோ வணக்கமோ காலை வந்தனமோ கூறி, இறங்கும்போது நன்றி சொல்லி, கட்டணத்தை முகம் சுளியாமல் கொடுங்கள். முன்பின் அறியாத ஒருவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்த்திருக்கிறார். அவரும் பத்திரமாக வீடு சேரவும், முதுமையில் கையேந்தாமல் வாழவும் வழியிருக்கிறதா என்று கேட்பது உங்கள் கடமையாகும்.